கண்டதும் கேட்டதும்

யொரூபாவையும் கெச்சுவாவையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிற பழக்கம் நம்மவர்களிடம் வந்திருக்கிறது. 'வாய்மொழி மரபு' என்று ஒரு தலைப்பு. அதன் கீழ் ஆப்பிரிக்காவுக்கு ஒன்று, தென் அமெரிக்காவுக்கு ஒன்று. சமீபத்தில் நண்பர்கள் கூடியிருந்த அறையொன்றில் ஒருவர் இரண்டையும் 'ஆதிக் குரல்கள்' என்றார். மற்றவர்கள் தலையசைத்தார்கள். நானும் அசைத்தேன். வீடு திரும்பும்போது அந்தத் தலையசைப்பு உறுத்தியது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு மொழிகளையும் ஆங்கிலத்தின் தோளில் ஏறித்தான் நாம் பார்க்க முடிகிறது. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் எல்லாமே ஒன்றுபோலத் தெரியும் என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. யொரூபா நைஜீரியாவின் தென்மேற்கிலும் அதையொட்டிய பெனின், டோகோ பகுதிகளிலும் நாலு கோடிக்கு மேற்பட்டவர்கள் பேசும் மொழி. கெச்சுவா ஆண்டீஸ் மலைத்தொடர் நெடுக, கொலம்பியாவின் தெற்கிலிருந்து அர்ஜென்டினாவின் வடக்கு வரை சிதறிக் கிடப்பது. சரியாகச் சொன்னால் அது ஒரு மொழியல்ல, ஒரு குடும்பம். எக்வடோர்க்காரர் பேசுவது கூஸ்கோக்காரருக்கு எளிதில் விளங்காது. இரண்டுக்கும் ரத்த உறவு கிடையாது. 'ஆதி' என்ற பேச்சும் அபத்தம். கெச்சுவா இன்கா சாம்ராஜ்யத்தின் நிர்வாக மொழி. அதன்பின் ஸ்பானியப் பாதிரிமார்கள் தங்கள் வசதிக்காக இன்னும் பரப்பிய மொழி. யொரூபா என்ற பெயரே முதலில் ஓயோ ராஜ்யத்து மக்களை அண்டையிலிருந்த ஹௌசாக்கள் குறித்த பெயர். இன்று பள்ளியில் படிக்கிற பொது யொரூபா பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவாக்கப்பட்டது. கெச்சுவா பேசுகிறவர்கள் தங்கள் மொழியை 'ரூனாசிமி' என்கிறார்கள். மனிதரின் வாய். இவற்றைக் காட்டுப்பூக்கள் மாதிரி முகர்ந்து பார்க்கிறவர்கள், ராஜ்யம் ஆண்ட மொழிகள் இவை என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அப்படியானால் ஒப்பிட என்ன இருக்கிறது? ஒன்று இருக்கிறது. இரண்டும் ரோமன் எழுத்துக்குள் இழுத்து வரப்பட்டவை. இரண்டு முறையும் இழுத்து வந்தது திருச்சபை. அந்த இழுப்பில் எது கிழிந்தது என்று பார்த்தால், இரண்டும் எவ்வளவு வேறானவை என்பது தெரியும்.

யொரூபாவின் உயிர் சுருதியில். மேல், நடு, கீழ் என்று மூன்று நிலைகள். ஒவ்வொரு அசையும் இவற்றில் ஒன்றில் நின்றாக வேண்டும். 'ஒக்கொ' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். இரண்டு அசையும் நடுவில் நின்றால் கணவன். இரண்டாவது மேலே போனால் மண்வெட்டி. இரண்டாவது கீழே இறங்கினால் வண்டி, படகு. இரண்டுமே கீழே என்றால் ஈட்டி. நான் இங்கே தமிழில் எழுதும்போது கணவனும் மண்வெட்டியும் வண்டியும் ஈட்டியும் ஒரே எழுத்துக் குவியலாகிவிட்டன பாருங்கள். பாதிரிமார் செய்த பிழையை இந்தப் பக்கத்தில் நானும் செய்துகொண்டிருக்கிறேன். யொரூபாவின் ரோமன் எழுத்தில் சுருதியைக் காட்ட மேற்குறிகள் உண்டு. உயிரெழுத்துக்குக் கீழே புள்ளியும் உண்டு. ஆனால் செய்தித்தாள்களும் மலிவு அச்சும் பெரும்பாலும் மேற்குறியை விட்டுவிடுகின்றன. வாசிக்கிறவர் இடம் பார்த்து நிரப்பிக்கொள்கிறார்.

இதில் நான் கவனிப்பது அந்த 'நிரப்பிக்கொள்வதை'. துந்துன் என்று ஒரு பேசும் மேளம் அவர்களிடம் இருக்கிறது. நம் உடுக்கைபோல் இடை சிறுத்தது. வார்களை அழுத்தத் தொனி ஏறும், தளர்த்த இறங்கும். மேளக்காரன் அதில் வாக்கியங்களை 'பேசுகிறான்'. மெய்யும் இல்லை, உயிரும் இல்லை. சுருதியும் தாளமும் மட்டும். அதே சுருதிக் கோலத்தில் பத்து வாக்கியங்கள் அடங்கலாம். இருந்தும் எது என்று கேட்பவனுக்குத் தெரிகிறது. காரணம், மேளம் பேசுவது பெரும்பாலும் ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த பழமொழிகளை. 'ஒரீக்கி' எனப்படும் புகழ்த் தொடர்களை. இன்ன குடும்பத்தானுக்கு இன்ன ஒரீக்கி என்று கூட்டம் அறிந்திருக்கிறது. சொல்பவன் பாதியைத்தான் தருகிறான். மறு பாதி கேட்பவனின் ஞாபகத்தில். ஆகவே யொரூபாவில் ஒரு வாக்கு செல்லுபடியாவது கேட்பவனின் காதில் என்று சொல்லத் தோன்றுகிறது. காது இல்லாத ஊரில் துந்துன் வெறும் தோல்.

கெச்சுவாவில் கணக்கு வேறு. அங்கே சுருதிக்கு அர்த்தத்தை மாற்றும் வேலை இல்லை. எல்லாம் விகுதி, வேர்ச்சொல்லின் வாலில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகலாம். தமிழனுக்கு அது அந்நியமல்ல. இந்த வால்களில் கடைசியாக வந்து உட்கார்வது ஒரு சாட்சி விகுதி. கூஸ்கோப் பக்கத்துக் கெச்சுவாவில் 'பராஷன்மி' என்றால் மழை பெய்கிறது, நான் அறிவேன். 'பராஷன்ஸி' என்றால் பெய்கிறதாம். 'பராஷன்ச்சா' என்றால் பெய்துகொண்டிருக்கும்போல. வடிவங்கள் ஊருக்கு ஊர் சற்று மாறும். 'மி' போட்டவன் தன் தலையைப் பணயம் வைக்கிறான். 'ஸி' போட்டவன் வேறு யாரோ சொன்னதைக் கைமாற்றுகிறான். வேறொருவன் சொல்லிக் கேட்டதை 'மி' போட்டுச் சொன்னால், அது தவறான இலக்கணம் மட்டுமல்ல, கிட்டத்தட்டப் பொய்.

நமக்கு 'ஆம்' இருக்கிறது. 'வந்தானாம்' என்ற சொல்லில் எவ்வளவு தூரம், எவ்வளவு சந்தேகம், சில சமயம் எவ்வளவு கேலி என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் நமக்கு அது கழற்றி மாட்டக்கூடிய சட்டை. 'வந்தான்' என்று சும்மா சொல்லிவிட்டுப் போகலாம். கண்டாயா என்று யாரும் கேட்கப்போவதில்லை. என் கவுண்டரில் கைநாட்டு வைக்கிறவர்களுக்கு ஒருவர் சாட்சி போட வேண்டும், 'என் முன்னிலையில் வைத்தது' என்று. அந்த ஒரு வரி எழுதும்போது மட்டும் பேனா கொஞ்சம் நிதானிக்கும். கெச்சுவாக்காரர்கள் நாள் முழுவதும் அந்த நிதானத்தோடு பேசுகிறார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இதன் உச்சம் அவர்களுடைய இறந்தகாலத்தில் இருக்கிறது. நேரில் அனுபவித்ததற்கு ஒரு இறந்தகாலம். தன் பிரக்ஞைக்கு எட்டாமல் நடந்ததற்கு 'ஸ்க்கா' என்று இன்னொன்று. தூங்கும்போது நடந்தது, குடிவெறியில் செய்தது எல்லாம் இந்த இரண்டாவதில் சேரும். ஒருவன் தான் பிறந்ததைச் சொல்வதற்கும் இதுதான். 'நான் பிறந்தேன்' என்று உறுதியிட்டுச் சொல்ல ஒருவனுக்கும் உரிமையில்லை. பிறந்திருக்கிறேன், சொன்னார்கள், அவ்வளவுதான். தன்வரலாறு என்ற இலக்கிய வடிவத்தின் முதல் வாக்கியமே அங்கே தடுக்கி விழுந்துவிடும். இது எந்தத் தத்துவக் கட்டுரையையும்விட எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ரோமன் யாக்கப்ஸன் 1959இல் மொழிபெயர்ப்பைப் பற்றி எழுதிய கட்டுரையில் விஷயத்தின் மையத்தைத் தொட்டார். மொழிகள் எதைச் சொல்ல முடியும் என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. எதைச் சொல்லாமல் தப்பிக்க முடியாது என்பதில்தான் வித்தியாசம். யொரூபாக்காரன் சுருதியிலிருந்து தப்ப முடியாது. கெச்சுவாக்காரன் சாட்சியிலிருந்து தப்புவது கடினம். 'வாய்மொழி' என்ற ஒற்றைச் சொல் இந்த இரண்டு கட்டாயங்களையும் விழுங்கி ஏப்பம் விட்டுவிடுகிறது.

இப்போது பாதிரிமார்கள் வருகிறார்கள்.

யொரூபாவுக்கு வந்தவர் ஒரு யொரூபாக்காரரே. சாமுவேல் அஜாயி கிரௌதர் 1821இல் சிறுவனாக அடிமைக்குப் பிடிக்கப்பட்டவர். மறு ஆண்டு பிரிட்டிஷ் கப்பற்படை மீட்டு ஃப்ரீடவுனில் இறக்கியது. 1843இல் யொரூபா சொற்பட்டியல் வெளியிட்டார். 1864இல் பிஷப் ஆனார். அவர் முன்னின்று நடத்திய விவிலிய மொழிபெயர்ப்பு 1884இல் முழுமையடைந்தது. உரைநடையில் குறையொன்றும் பெரிதாகச் சொல்வதற்கில்லை. ஆபத்து பாட்டில் வந்தது. ஆங்கிலத் திருச்சபைப் பாடல்களின் சொற்களை யொரூபாவாக்கி, மெட்டை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். மெட்டு மேலே போகிற இடத்தில் சொல் கீழே இறங்க வேண்டியிருக்கும். கணவன் மண்வெட்டியாகும் கதைதான். பல தலைமுறைகள் அர்த்தம் குழம்பிய சொற்களால் கடவுளைத் துதித்திருக்கின்றன. கேட்டவர்களுக்குத் தெரியாமலில்லை. லாகோஸ் தேவாலய ஆர்கன் வாசிப்பாளர் எக்குந்தாயோ ஃபிலிப்ஸ், சொல்லின் சுருதிக்குப் பின்னால் மெட்டு நடக்க வேண்டும் என்று வாதாடி 1953இல் ஒரு சிறு புத்தகமே எழுதினார்.

பெருவில் நடந்தது இதைவிட நுட்பமான வன்முறை. முதல் கெச்சுவா இலக்கணமும் அகராதியும் 1560இல் ஸ்பெயினின் வய்யாதொலித் நகரில் அச்சாயின. எழுதியவர் தொமிங்கோ தெ சாந்தோ தொமாஸ் என்ற பாதிரியார். 1584இல் லிமாவில் ஸ்பானிஷ், கெச்சுவா, அய்மரா மூன்றிலுமாக ஞானோபதேச நூல் அச்சேறியது. இங்கே மொழிபெயர்ப்பாளன் முன்னால் ஒரு கேள்வி நின்றிருக்க வேண்டும். தேவன் உலகைப் படைத்தான் என்ற வாக்கியத்துக்கு எந்த விகுதி? கண்டவர் யார்? 'ஸி' போட்டால் நேர்மை. ஆனால் 'படைத்தாராம்' என்று உபதேசம் செய்ய முடியுமா? அவர்கள் 'மி' போட்டார்கள். மலை மக்களின் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? கடல் கடந்து வந்த அந்நியன், தானும் காணாத காரியத்துக்குக் கண்ட சாட்சி சொல்கிறான்.

இதற்கு மறுமுனையில் ஒரு கையெழுத்துப் பிரதி இருக்கிறது. லிமாவுக்கு மேலே வாரொச்சிரி மலைப்பகுதியில் 1608ஐ ஒட்டிக் கெச்சுவாவில் எழுதப்பட்டது. விக்கிரக வழிபாட்டை வேரறுக்க முனைந்த பிரான்சிஸ்கோ தெ ஆவிலா என்ற பாதிரியின் பிடியில் இருந்தது. அழிப்பதற்காகத் திரட்டிய கதைகளே அந்தத் தெய்வங்களை நமக்குக் காப்பாற்றித் தந்திருக்கின்றன. அதன் பழங்கதைகளில் 'ஸி'தான் நடந்து போகிறது: பரியகாக்கா ஐந்து முட்டைகளிலிருந்து பிறந்தானாம், இன்னும் எத்தனையோ 'ஆம்'கள். தன் முன்னோர்களின் தெய்வங்களுக்குக் கூடக் கண்ட சாட்சி சொல்லத் துணியாத அந்த எழுத்தாளனின் நேர்மைக்குப் பக்கத்தில் 1584இன் உறுதி கூச்ச நாச்சமற்றதாகத் தெரிகிறது.

இருபதாம் நூற்றாண்டு நாவலாசிரியர்களிடம் வந்தால் இந்த வேறுபாடு இன்னும் துலங்குகிறது. ஃபகுன்வா 1938இல் யொரூபாவிலேயே தன் முதல் நாவலை எழுதினார். கிழவர் ஒருவர் வந்து உட்கார்ந்து தன் வேட்டைச் சாகசங்களை எழுதிக்கொள்ளச் சொல்கிறார். அடுத்தடுத்த நாள் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. ஆரம்பத்திலேயே கதை மேளமாகிறது, வாசகன் ஆடுகிறவனாகிறான். காதுகளின் ஊர். சோயிங்கா 1968இல் இதை ஆங்கிலமாக்கினார். நானூறு தெய்வங்களைச் சுட்டுவதாகக் கொள்ளப்படும் தலைப்புச் சொல், ஆங்கிலத் தலைப்பில் ஆயிரமாகியது. ஆங்கிலக் காதுக்கு ஆயிரம் என்றால்தான் நிறைவு போலிருக்கிறது. சோயிங்காவின் மொழிபெயர்ப்பு அழகானது. எனக்குக் கொஞ்சம் அதிக அழகு. அவருடைய சங்கீதம் ஆங்கிலக் கவிதையின் சங்கீதம்; மேளம் அடங்கிப்போய்விட்டது.

மாறாக அமோஸ் டுட்டுவோலாவைப் பாருங்கள். ஆறு வருஷப் பள்ளிப் படிப்பு. அவருடைய கள்குடியன் கதையை 1952இல் லண்டனில் ஃபேபர் வெளியிட்டபோது டிலன் தாமஸ் புகழ்ந்தார். நைஜீரியாவின் படித்தவர்கள் வெட்கத்தில் குன்றினார்கள். வெள்ளைக்காரன் நம் தப்பான இங்கிலீஷை ரசிக்கிறான் என்ற வெட்கம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பதிப்பாளர் கையெழுத்துப் பிரதியின் ஒரு பக்கத்தைத் திருத்தங்களோடு படமாகவே புத்தகத்தில் சேர்த்தார் என்பதில் பொருட்காட்சி மனோபாவம் இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் யொரூபாவின் நடை ஆங்கிலத்தில் எங்காவது உயிரோடு இருக்கிறதென்றால் அது டுட்டுவோலாவிடம்தான். சொல்லிச் சொல்லிச் சேர்த்துக்கொண்டே போகிற வாக்கியம். மூச்சு எங்கே விடுவது என்பதை இலக்கணத்திடம் கேட்காத வாக்கியம். பி.ஏ. ஆங்கிலம் படித்த எனக்கு இதை ஒப்புக்கொள்ளச் சில வருஷங்கள் பிடித்தன.

ஹொஸே மரியா அர்கேதாஸின் துயரம் வேறு ஜாதி. 1911இல் பெருவின் அந்தாவாய்லாஸில் பிறந்தார். தாயை மூன்று வயதுக்குள் இழந்தார். மாற்றாந்தாய் வீட்டில் இந்தியப் பணியாட்களோடு சமையலறையில் வளர்ந்தார். கெச்சுவா அவருக்கு அங்கே கிடைத்தது. ஸ்பானிஷை உடைத்துக் கெச்சுவாத் தொடரமைப்பைப் புகுத்திப் பார்த்தார். 1941இல் வந்த நாவலில் அந்தத் தழும்புகள் தெரியும். 1958இல் வந்த 'ஆழ்ந்த நதிகள்' வரும்போது உடைப்பதை விட்டுவிட்டார். அதில் 'சும்பாய்யு' என்ற பம்பரத்தின் பெயர் கொண்ட அத்தியாயம் பம்பரத்தில் ஆரம்பிப்பதில்லை. 'ய்யு' என்ற விகுதியைப் பற்றிய விளக்கத்தில் ஆரம்பிக்கிறது: சிறிய சிறகுகள் பறக்கும்போது எழும் ஓசையைக் குறிக்கும் விகுதி. நாவலை நிறுத்திவைத்துவிட்டு ஒரு விகுதியை விளக்குகிறான் நாவலாசிரியன். நம்மூர் ரசனை இதைத் 'தொய்வு' என்று சொல்லும். ஸ்பானிஷுக்குள் கொண்டுவர முடியாத ஒன்றை, கொண்டுவர முடியவில்லை என்று வாசகன் முன் வைத்துக் காட்டுகிற காரியம் அது.

1965 ஜூனில் லிமாவில் சமூகவியலாளர்களும் விமர்சகர்களும் கூடி அர்கேதாஸின் அடுத்த பெரிய நாவலை, 1964இல் வந்ததை, அவர் முன்னிலையிலேயே விவாதித்தார்கள். இதில் வருகிற பெரு உண்மையான பெரு அல்ல, சாட்சியமாக இது செல்லாது என்பது சமூகவியலாளர்கள் பக்கத்துக் குற்றச்சாட்டின் சாரம். அவர் பதறிப்போனார், தான் வாழ்ந்ததே வீணா என்று அன்றிரவே எழுதிவைத்தார். இந்த நிகழ்ச்சியை வழக்கமாகக் கலைக்கும் சமூகவியலுக்கும் நடந்த சண்டையாகச் சொல்வார்கள். எனக்கு இது விகுதிச் சண்டையாகப் படுகிறது. கெச்சுவாவில் அவர் அதை எழுதியிருந்தால் ஒவ்வொரு வாக்கியமும் தன் நிலையைத் தானே சொல்லியிருக்கும்: இது நான் கண்டது, இது கேட்டது, இது இருக்கக்கூடும் என்று நினைப்பது. ஸ்பானிஷ் நாவலில் அந்த வால் இல்லை. எல்லாமே ஒரே உறுதியோடு நிற்கின்றன. கனவு கண்டதையெல்லாம் கண்ட சாட்சியாக எடுத்துக்கொண்டு குறுக்கு விசாரணை செய்தார்கள். அவரோ, கெச்சுவாவில் வளர்ந்தவர், அந்தக் குற்றச்சாட்டை 'நாவல் சரியில்லை' என்று எடுத்துக்கொள்ளவில்லை. 'நீ பொய்ச்சாட்சி' என்றே எடுத்துக்கொண்டார். பொய்ச்சாட்சி என்றால் வாழ்க்கை முழுதும் வீண்தானே.

1969 முடிவில் அவர் தன்னைச் சுட்டுக்கொண்டு இறந்தார். முடிக்காமல் விட்ட நாவல் 1971இல் வந்தது. சிம்போத்தே என்ற மீன்பிடித் துறைமுகத்தைப் பற்றிய அத்தியாயங்களும், சாக நினைக்கும் தன் நாட்குறிப்புகளும் மாறிமாறி வருகின்றன. தலைப்பில் வரும் மேல்நரியும் கீழ்நரியும் வாரொச்சிரிப் பிரதியிலிருந்து வந்தவை. 1966இல் அந்தப் பிரதியை ஸ்பானிஷில் பெயர்த்தவர் அவரே. எழுத்தாளனின் சாவை அவன் எழுத்துக்கு மதிப்பெண்ணாகப் போடுகிற கெட்ட பழக்கம் நம் பத்திரிகைகளுக்கும் உண்டு. அதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த நாவல் பல இடங்களில் சிதறியிருக்கிறது. ஆனால் கதை ஒரு பக்கம், 'நானே கண்டது' என்ற நாட்குறிப்பு ஒரு பக்கம் என்று பிரித்து வைத்த அந்த உருவம், ஸ்பானிஷில் இல்லாத விகுதியைப் புத்தகத்தின் அமைப்பாலேயே செய்துபார்த்த முயற்சி என்று படிக்க இடமிருக்கிறது.

ஆண்டீஸ் மலைக்காரர்கள் பேசுகிற ஸ்பானிஷில் ஒரு வேடிக்கை நடந்திருக்கிறது. 'திசே', அதாவது 'சொல்கிறார்' என்ற சொல்லை வாக்கியத்தின் வாலில் ஒட்டி 'ஆம்' ஆக்கிவிட்டார்கள். ஸ்பானிஷின் தொலைவு இறந்தகாலத்தை எடுத்துத் தாம் காணாமல் நடந்ததைச் சொல்லப் பயன்படுத்துகிறார்கள். லிமா நகரத்துக்காரர்களுக்கு இது கொச்சை. யொரூபாவுக்கு அட்லாண்டிக்கைக் கடந்த இடத்தில் அவ்வளவு அதிர்ஷ்டம் இல்லை. கியூபாவில் அடிமைகளின் சந்ததியினர் வழிபாட்டில் காத்துவரும் லுக்குமி யொரூபாவிலிருந்து வந்ததுதான். சொற்கள் மிஞ்சின, சுருதி போய்விட்டது. காதுகளின் ஊர் கலைந்த பிறகு சுருதி யாருக்காக நிற்கும்? விகுதியை ஒருவன் தனியாகவே தூக்கிக்கொண்டு போகலாம் போலிருக்கிறது.

அர்கேதாஸ் கவிதையைக் கெச்சுவாவில்தான் எழுதினார். 1962இல் துப்பாக் அமாருவை விளித்து ஒரு துதி வெளியிட்டார். அந்தப் பெயரைத் தாங்கிக் கிளர்ச்சி செய்த இரண்டாம் துப்பாக் அமாருவை 1781இல் கூஸ்கோ சதுக்கத்தில் கொன்றபோது, தீர்ப்போடு சேர்த்துக் கெச்சுவா நாடகங்களுக்கும் தடை போட்டார்கள்; எல்லோரும் ஸ்பானிஷ் கற்க வேண்டுமென்றார்கள். கவிதையின் தலைப்பில் 'தாய்த்தாஞ்சிஸ்' என்று வருகிறது. கெச்சுவாவில் நம்மைப்போலவே 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. தேவனை நோக்கிய ஜெபத்தில் பாதிரிகள் 'யாயாய்க்கு' என்று எழுதினார்கள்: எங்கள் தந்தை. கடவுளிடம் பேசும்போது கடவுளைச் சேர்த்துக்கொள்ள முடியாது; தமிழ் ஜெபத்திலும் 'எங்கள்'தான். அர்கேதாஸின் தலைப்பில் இருப்பது மற்றது, கேட்பவனையும் உள்ளே இழுத்துக்கொள்வது. ஸ்பானிஷில் அதை 'நுவெஸ்த்ரோ' என்று போட்டிருக்கிறார்கள். அதில் இரண்டும் ஒன்றுதான். தமிழில் யாராவது இந்தக் கவிதையைப் பெயர்த்தால் ஆங்கிலம் வழியாகத்தான் பெயர்ப்பார்கள். 'எங்கள்' என்று போட்டுவிடப்போகிறார்கள். 'நம் தந்தை' என்று போட வேண்டும்.